கற்றது கைகொடுக்குமா?



பள்ளி இறுதித் தேர்வு முடிந்த விடுமுறையில் எங்கள் ஊர்த் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தேன். முதலில் ஆங்கிலம். இடக்கை விரல்களால் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று பக்கம் பக்கமாக அடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இளநிலைத் தேர்வு தேறிய பிறகு தமிழ் எந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். அதே விரல்கள், அதே வரிசை. ஆனால் தாளில் விழுந்தவை ‘ய ள ன க ப க’!

அப்போது மூன்று விஷயங்களைக் கவனித்தேன். நிமிர்ந்து உட்காருவது, விசைகளைப் பாராமல் அடிப்பது, ஒரே சீரான தாளத்தில் விரல்களை இயக்குவது ஆகியவை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கூடவே வந்துவிட்டன. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது வரவில்லை. அதைப் புதிதாகத்தான் கற்க வேண்டியிருந்தது. மூன்றாவதுதான் வேடிக்கை. ‘க’ என்ற ஒலியை மனம் நினைத்தவுடன், ஆங்கில எந்திரத்தில் ‘கே’ இருந்த விசைக்கு விரல் ஓடிவிடும். தமிழ் எந்திரத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ம’. ஆகவே ‘கடை’ என்று அடிக்க நினைத்தால் ‘மடை’ என்று விழும்!

ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்தில் சில நேரம் உதவுகிறது. சில நேரம் உதவுவதில்லை. சில நேரம் கெடுத்தும் விடுகிறது. இன்று உலகெங்கும் உள்ள கணிப்பொறி ஆய்வாளர்கள் மூளையைக் கசக்கிக்கொள்ளும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. இதனை ஆங்கிலத்தில் டிரான்ஸ்ஃபர் லேர்னிங் என்பர். நாம் ‘கற்றல் பெயர்ச்சி’ எனலாம். இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. உங்கள் பாட்டியின் கண்ணோடும், உங்கள் வகுப்பறையோடும் தொடர்புடையது. அதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. முதலில் செய்தியைப் பார்ப்போம். பிறகு கருத்தைக் கூறுகிறேன்.

எந்திரம் எவ்வாறு கற்கிறது?

ஒரு படத்தைக் காட்டி, “இது பூனையா, நாயா?” என்று கணிப்பொறியிடம் கேட்பதாகக் கொள்வோம். கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் கூட்டமே. அந்த எண்களை அடுக்கடுக்காகப் பெருக்கியும் கூட்டியும் இறுதியில் ஒரு விடை வருமாறு ஓர் அமைப்பைச் செய்திருப்பார்கள். நரம்பு வலைப்பின்னல் என்பது அதன் பெயர். பெருக்கப் பயன்படும் எண்களை எடைகள் என்பர். தொடக்கத்தில் அவை மனம்போன போக்கில் தரப்பட்டவை. ஆகவே விடையும் தாறுமாறாகவே வரும். விடை எவ்வளவு தவறு என்று கணக்கிட்டு, தவறு சற்றே குறையும்படி ஒவ்வோர் எடையையும் சிறிது திருத்துவார்கள். அடுத்த படம், மீண்டும் திருத்தம். இலட்சக்கணக்கான படங்கள் இவ்வாறு கடந்து சென்றபின் விடை பெரும்பாலும் சரியாக வரத் தொடங்கும். எந்திரக் கற்றல் என்பது இவ்வளவுதான்.

2009இல் இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பு வெளியாயிற்று. நாளடைவில் அதில் சுமார் 1 கோடியே 40 இலட்சம் படங்கள் சேர்ந்தன. அவற்றிலிருந்து 1000 வகைகளைச் சேர்ந்த 12 இலட்சம் படங்களைப் பயிற்சிக்குக் கொடுத்து ஆண்டுதோறும் போட்டி நடத்தினார்கள். 2012இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கேவர், ஹிண்டன் ஆகிய மூவர் உருவாக்கிய வலைப்பின்னல் மற்றவற்றை வெகுவாகப் பின்தள்ளி வென்றது. இவர்களுள் ஜெஃப்ரி ஹிண்டன், ஜான் ஹாப்ஃபீல்டுடன் சேர்ந்து 2024ஆம் ஆண்டு இயற்பியல் நோபெல் பரிசு பெற்றவர்.

வென்ற வலைப்பின்னலின் முதல் அடுக்கு எதைக் கற்றிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். அங்கே பூனையும் இல்லை, நாயும் இல்லை. சாய்ந்த கோடுகள், விளிம்புகள், நிறத் திட்டுகள் ஆகியவற்றை அடையாளம் காணும் அமைப்புகளே இருந்தன! பூனையின் மூளையில் கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் பதிலளிக்கும் நரம்பு அணுக்கள் இருப்பதைக் கண்டு, 1981இல் நோபெல் பரிசு பெற்ற ஹியூபெல், வீசல் ஆகியோரின் ஆய்வை இது நினைவூட்டுகிறது. மேல் அடுக்குகளுக்குச் செல்லச் செல்லத்தான் கண், காது, சக்கரம் என்று குறிப்பிட்ட உருவங்கள் தோன்றின.

விளிம்பு என்பது பூனைக்கு மட்டும் உரியதன்று. மரத்துக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு, கண்ணின் விழித்திரையில் ஓடும் இரத்தக் குழாய்க்கும் உண்டு. அப்படியானால் பூனையையும் நாயையும் பார்த்துக் கற்ற எடைகளைக் கொண்டு விழித்திரையைப் படிக்கத் தொடங்கினால் என்ன?

பூனையிலிருந்து விழித்திரைக்கு

நீரிழிவு நோய் நாளடைவில் விழித்திரையைப் பாதித்துப் பார்வையைப் பறிக்கக்கூடியது. காலத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். ஆனால் விழித்திரைப் படங்களைப் பார்த்துச் சொல்ல வல்ல மருத்துவர்கள் எல்லா ஊர்களிலும் இல்லை.

2016இல் கூகிள் ஆய்வாளர்கள் இதற்காகப் பயிற்றுவித்த ஒரு வலைப்பின்னலின் விவரங்களை வெளியிட்டனர். பயிற்சிக்குப் பயன்பட்டவை 1,28,175 விழித்திரைப் படங்கள். அமெரிக்காவிலிருந்தும், நம் நாட்டின் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்த படங்கள் அவை. மருத்துவர்கள் 54 பேர் அவற்றைப் பார்த்துத் தரம் பிரித்தனர். நமக்கு வேண்டிய செய்தி இது: அந்த வலைப்பின்னலின் எடைகள் மனம்போன போக்கில் தொடங்கப்படவில்லை. பூனை, நாய், கார், கோப்பை என்று இமேஜ்நெட் படங்களைப் பார்த்துக் கற்ற எடைகளே தொடக்கப் புள்ளியாக வைக்கப்பட்டன. அங்கிருந்து விழித்திரைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே சென்றார்கள். முடிவு, தேர்ந்த கண் மருத்துவர்களுக்கு இணையாக இருந்தது.

தட்டச்சில் ‘நிமிர்ந்து உட்காருதல்’ கூடவே வந்ததைப் போன்றது இது. ஒவ்வொரு புதிய வேலைக்கும் எந்திரத்தை முதலிலிருந்து பயிற்றுவிக்க வேண்டுமானால் மின்சாரமும் காலமும் பணமும் ஏராளமாகச் செலவாகும். கற்றல் பெயர்ச்சி அச்செலவைக் குறைக்கிறது. படங்கள் குறைவாக உள்ள துறைகளிலும் கால் வைக்க முடிகிறது.

ஆனால் உதவி எப்போதும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. 2014இல் யோசின்ஸ்கி என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இதை அளந்து பார்த்தனர். முதல் அடுக்குகள் எல்லாப் பணிகளுக்கும் பொதுவானவை. மேல் அடுக்குகள் அந்தந்தப் பணிக்கே உரியவை. இரண்டு பணிகளுக்கும் இடையே உள்ள தூரம் கூடக்கூட, பெயர்ச்சியின் பயன் குறைகிறது என்று கண்டனர். 2019இல் வேறோர் ஆய்வுக் குழு, விழித்திரைப் படங்களிலும் மார்பு எக்ஸ்-ரே படங்களிலும் ஒப்பிட்டுப் பார்த்தது. இமேஜ்நெட்டிலிருந்து தொடங்கியதால் திறமையில் கிடைத்த ஆதாயம் சிறிதே எனவும், புதிதாகத் தொடங்கிய சிறிய வலைப்பின்னல்களே ஏறக்குறைய ஈடுகொடுத்தன எனவும் அது கூறிற்று. பெயர்ச்சி பயன் தருகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் அளந்துதான் அறிய வேண்டும்.

ஒலியிலிருந்து ஒளிக்கு

இதைக் கேட்டு இயற்பியல் படித்தவர்கள் வியக்க மாட்டார்கள். எங்கள் துறையின் வரலாறே பெரும்பாலும் கற்றல் பெயர்ச்சியின் வரலாறுதான்.

உலோகத் தண்டில் வெப்பம் எவ்வாறு பாய்கிறது என்பதை ஃபூரியே 1822இல் கணித முறையில் விளக்கினார். ஜார்ஜ் ஓம் அதைப் படித்தார். வெப்பநிலை வேறுபாட்டால் வெப்பம் பாய்வது போலவே, மின்னழுத்த வேறுபாட்டால் மின்சாரம் பாய்கிறது என்று கொண்டார். 1827இல் வெளிவந்த அவர் நூலிலிருந்துதான் நீங்கள் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதி வந்தது. இது பெயர்ச்சியின் வெற்றி.

தோல்வியும் உண்டு. ஒலி அலையாகப் பரவுகிறது. அதற்குக் காற்றோ நீரோ ஏதேனும் ஓர் ஊடகம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங், ஒளியும் அலையே என்பதற்குச் சான்று காட்டினார். அலைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும்போது கூடுவதும் குறைவதும் ஒலியைப் போலவே ஒளிக்கும் பொருந்தின. அத்தோடு, ‘அலை என்றால் ஊடகம் வேண்டும்’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. வெட்டவெளியில் ஒளியைத் தாங்கிச் செல்ல ஈதர் என்ற ஒன்று நிறைந்திருப்பதாக நம்பினார்கள். 1887இல் மைக்கெல்சனும் மார்லியும் நுட்பமான சோதனை செய்து, ஈதரின் ஊடே புவி செல்வதன் அடையாளத்தைத் தேடினர், எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் ஈதரே தேவையில்லை என்றார்.

‘கடை’ என்பது ‘மடை’ ஆனதைப் போன்ற பிழைதான் இது. ஆனால் இதைத் திருத்திக்கொள்ள ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின! ஆய்வாளர்கள் இத்தகைய பெயர்ச்சியை எதிர்மறைப் பெயர்ச்சி என்பர்.

மருத்துவமனை மாறினால்

இனி எந்திரம் ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்தில் கைகொடுக்காததற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2018இல் அமெரிக்காவில் மூன்று நிறுவனங்களைச் சேர்ந்த 1,58,323 மார்பு எக்ஸ்-ரே படங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. நிமோனியா இருக்கிறதா என்று எந்திரம் சொல்ல வேண்டும். தான் பயின்ற இடத்துப் படங்களில் நன்றாகச் சொன்ன எந்திரம், வெளி மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது, ஐந்து ஒப்பீடுகளில் மூன்றில் தரம் தாழ்ந்தது.

காரணத்தைத் தேடியபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. ஒரு படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை 100க்கு 99க்கும் மேலான படங்களில் எந்திரத்தால் சரியாகச் சொல்ல முடிந்தது. நியூயார்க்கிலுள்ள ஒரு மருத்துவமனையின் படங்களில் 100க்கு 34 நிமோனியா. மற்ற இரண்டு இடங்களிலும் 100க்கு சுமார் ஒன்று. மூன்றையும் கலந்து பயிற்சி கொடுத்தால், நுரையீரலை உற்றுப் பார்க்காமலே, “இது நியூயார்க் படம், ஆகவே நிமோனியாவாக இருக்கக்கூடும்” என்று ஊகித்து மதிப்பெண் வாங்கலாம் அல்லவா? வினாவைப் படிக்காமல், வினாத்தாள் அச்சிட்ட காகிதத்தின் நிறத்தைப் பார்த்தே விடை எழுதும் மாணவனைப் போன்றது இது. காகிதம் மாறிய அன்று அவன் கதி என்ன?

நாம் பார்த்த விழித்திரை எந்திரத்துக்கும் ஒரு சோதனை வந்தது. அதைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தியபோது என்ன நடந்தது என்பதை 2020இல் வெளியிட்டனர். செவிலியர்கள் எடுத்த 1838 படங்களில் 100க்கு 21 படங்களை, “தெளிவில்லை, பார்க்க இயலாது” என்று எந்திரம் தள்ளிவிட்டது. அறையை முழுவதும் இருட்டாக்க வசதியில்லாத நிலையங்கள் பல. எந்திரமோ தெளிவான படங்களைக் கொண்டே தேறியிருந்தது. தள்ளப்பட்ட நோயாளிகளைச் சிறப்பு மருத்துவரிடம் மற்றொரு நாள் போய்வரச் சொல்ல வேண்டியதாயிற்று. கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு மற்றொரு நாள் என்றால் மற்றொரு நாள் கூலி போயிற்று என்று பொருள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக எந்திரத்தைப் பாராட்டவே வேண்டும். ஆயினும் அறையின் விளக்கைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை என்பது உண்மை.

என் கருத்து

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். வேறிடத்தில் கற்ற எந்திரம் எதுவாயினும், நம் ஊரில், நம் மக்களின் படங்களோடு, நம் விளக்கு வெளிச்சத்தில் ஒரு தேர்வு எழுதித் தேறிய பிறகே நோயாளிகள் மீது பயன்படுத்தப்பட வேண்டும். அந்தத் தேர்வை எந்திரத்தை விற்பவர் நடத்தக் கூடாது. முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. “மருத்துவர்கள் போதவில்லை. இன்றைக்கே பார்வை இழந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தேர்வு, சோதனை என்று நாட்களைக் கடத்தினால் அவர்கள் கதி என்ன? குறையுள்ள எந்திரமாயினும் ஒன்றும் இல்லாததற்கு மேல் அல்லவா?” என்பார்கள். இது வலுவான மறுப்பு; இதை எளிதில் தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பயிற்சிக்கு இலட்சக்கணக்கில் படங்கள் தேவைப்பட்டன; தேர்வு வைக்க அதில் ஒரு சிறு பங்கு போதும். கடத்தப்படும் நாட்கள் அதிகம் இல்லை. அடுத்து, எந்திரம் இல்லாத ஊரில், “எனக்கு ஒன்றும் தெரியாது, மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வருவோம்” என்று நோயாளி புறப்படுகிறார். தவறான எந்திரம் உள்ள ஊரிலோ, “உமக்கு ஒன்றுமில்லை” என்ற சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுகிறார். ஒன்றும் இல்லாததைவிடத் தவறான உறுதி கெடுதலானது.

“அப்படியானால் கடன் வாங்கிய அறிவே வேண்டாம்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓம் கடன் வாங்கியிராவிட்டால் அவர் விதி இன்னும் எத்தனை காலம் தள்ளிப் போயிருக்குமோ! கடன் வாங்க வேண்டும். வாங்கியதைச் சோதித்தும் பார்க்க வேண்டும்.

வகுப்பறையில் நாம்

எந்திரத்தைக் குறை சொல்லிவிட்டு நம்மைப் பார்த்துக்கொள்ளாமல் போனால் நியாயமில்லை. ஒரு முறை கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். சுருள்வில்லில் தொங்கும் எடையின் அலைவு நேரத்தை அதற்கு முந்தைய வாரம்தான் எல்லோரும் தவறின்றிக் கண்டுபிடித்திருந்தார்கள். இப்போது கொடுத்தது, மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றில் மின்னூட்டத்தின் அலைவு நேரம். நிறை இருந்த இடத்தில் தன்மின் தூண்டல் எண். சுருள்வில் மாறிலி இருந்த இடத்தில் மின்தேக்குத் திறனின் தலைகீழ். சமன்பாடு அதேதான், எழுத்துகள்தாம் வேறு. பெரும்பாலோர் தாளை வெறுமையாக வைத்திருந்தார்கள். ஒரு மாணவி எழுந்து, “சார், இது எந்தப் பாடத்தில் வருகிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை உறுத்திற்று. குற்றம் அவர்களுடையதன்று. ஆண்டுக்கணக்காக நான் அமைத்த வினாத்தாள்களில் சுருள்வில் வினா சுருள்வில் பாடத்தின் சொற்களிலேயே இருந்தது; மின்சுற்று வினா மின்சுற்றுப் பாடத்தின் சொற்களிலேயே இருந்தது. நுரையீரலைப் பார்க்காமல் மருத்துவமனையை அடையாளம் காணும் பயிற்சியைத்தான் நானும் கொடுத்துவந்திருக்கிறேன்! அன்று முதல் ஒவ்வொரு தேர்விலும் வேறு உடை அணிந்த ஒரு பழைய வினாவையாவது வைக்கிறேன். மாணவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது, “இது எதைப் போல இருக்கிறது?” என்று தாங்களே கேட்டுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள்.

நீங்களும் புதிய பாடம் ஒன்றைத் தொடங்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நான் முன்பு கற்றவற்றுள் எது இதைப் போன்றது? எந்த அளவுக்குப் போன்றது? எந்த இடத்தில் போன்றதன்று? மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. ஈதர் பிறந்தது அங்கேதான்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை இரட்டைக் கோட்டால் வரையுங்கள். தாளின் மேற்புறம் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கையும் தாளும் நேராகத் தெரியாதபடி ஒரு நோட்டுப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் உருவத்தை மட்டும் பார்த்து, இரண்டு கோடுகளுக்கும் இடையே பென்சிலால் நட்சத்திரத்தைச் சுற்றி வாருங்கள். முதல் முறை படாத பாடு படுவீர்கள்!

நண்பர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முதலில் இடக்கையால் ஒரு முறை செய்யட்டும். ஆகும் நேரத்தை விநாடிகளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் அணி வலக்கையால் பத்து முறை பழகட்டும். இரண்டாம் அணி பழகாமல் இருக்கட்டும். இறுதியில் இரண்டு அணிகளும் மீண்டும் இடக்கையால் ஒரு முறை செய்ய வேண்டும். எந்த அணியின் நேரம் அதிகம் குறைந்தது? இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் கைகளை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் அணியின் நேரமும் சிறிது குறையக்கூடும். ஒரு முறை செய்த அனுபவம் அவர்களுக்கும் உண்டல்லவா? அந்த அணி இல்லாவிட்டால், முன்னேற்றம் முழுவதும் வலக்கையிலிருந்து வந்தது என்று நாம் ஏமாந்துபோவோம். ஆகவே இரண்டாம் அணியை விட்டுவிடாதீர்கள். கிடைத்த எண்களை அட்டவணையாக்கி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். வலக்கை கற்றது இடக்கைக்குக் கைகொடுத்ததா என்பதை உங்கள் எண்களே சொல்லட்டும்.